வதிவிடமும் புலமைப்பரிசிலும்: உங்கள் விலாசம் உங்களுக்கு எதைத் தருகிறது?

மாணவர்களே, நீங்கள் 5 ஆம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றியது நினைவிருக்கும். பெறுபேறு வந்தபோது "எங்கள் மாவட்டத்தின் வெட்டுப்புள்ளி எத்தனை?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அகில இலங்கைக்கும் ஒரே வெட்டுப்புள்ளி வெளியிடப்படவில்லை. மாவட்டத்திற்கு மாவட்டம் அது வேறுபட்டது. மொழிமூலத்திற்கு ஏற்பவும் வேறுபட்டது. ஒரே புள்ளியைப் பெற்ற இருவருள் ஒருவருக்கு உதவித்தொகை கிடைத்து, வேறொரு மாவட்டத்தில் வாழ்ந்த மற்றவருக்குக் கிடைக்காமற் போயிருக்கலாம்.

க.பொ.த. சாதாரண தரத்தின் பின்னரும் இதே நிலை தொடர்கிறது. உயர்தரக் கல்விக்கான உதவித்தொகை, பல்கலைக்கழக அனுமதி, மஹாபொல, கல்வியியற் கல்லூரி அனுமதி ஆகியவற்றிற் பெரும்பாலானவை பெறுபேற்றுடன் வதிவிடத்தையும் கணக்கில் எடுக்கின்றன. எனவே எவ்வளவு புள்ளி தேவை என்பதை அறிவதுடன், தாம் எந்தப் பிரிவிற்குள் கணக்கிடப்படுவோம் என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். தகுதியிருந்தும் ஒரு சான்றிதழ் இல்லாமையால் அல்லது விண்ணப்ப முடிவுத் திகதி தெரியாமையால் வாய்ப்பை இழப்போர் உளர். அந்நிலையைத் தவிர்க்க உதவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வதிவிடம் ஏன் கணக்கில் எடுக்கப்படுகிறது?

கலாநிதி சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில், 1945 ஆம் ஆண்டு இலங்கையில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. நகரங்களுக்கு வெளியே மத்திய மகா வித்தியாலயங்கள் அமைக்கப்பட்டு, கிராமப்புறத்துத் திறமையான பிள்ளைகள் அங்கு கற்க வழி செய்யப்பட்டது. கட்டணம் இல்லாவிட்டாலும், நல்ல பாடசாலை தொலைவில் இருந்தால் ஏழைப் பிள்ளை அங்கு கற்க முடியாது என்பதை அன்றே உணர்ந்திருந்தனர்.

இன்றும் எல்லாப் பாடசாலைகளிலும் வசதிகள் ஒரே அளவில் இல்லை. ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆய்வுகூடமும் எல்லாப் பாடங்களுக்கும் ஆசிரியரும் உள்ளனர். மற்றொரு பாடசாலையில் இரசாயனவியலுக்கு ஆசிரியரே இல்லை. இவ்விரு பாடசாலைகளின் மாணவரையும் புள்ளியை மட்டும் வைத்து ஒப்பிடுவது நியாயமா என்ற கேள்வி எழுகிறது. இக்கேள்விக்கு அரசு கண்ட விடைகளுள் ஒன்றே மாவட்ட ஒதுக்கீடாகும்.

இதன் வரலாற்றையும் அறிந்திருத்தல் நன்று. 1970களின் முற்பகுதியில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரித் தரப்படுத்தல் புகுத்தப்பட்டது. அது தமிழ் மாணவரிடையே பெரும் அதிருப்தியை ஏற்படுத்தியது. 1974 ஆம் ஆண்டில் மாவட்ட ஒதுக்கீடு சேர்க்கப்பட்டது. அதனால் யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற கல்வியில் முன்னேறிய மாவட்டங்களின் பங்கு குறைந்தது. அதேவேளை வசதி குறைந்த பிற மாவட்டங்களின் மாணவருக்கு, அவர்களுள் தமிழ் பேசும் மாணவருக்கும், புதிய வாய்ப்புக் கிடைத்தது. ஆகவே ஒரே விதி ஒருவருக்கு இழப்பாகவும் இன்னொருவருக்கு வாய்ப்பாகவும் அமையலாம். இவ்விதி நியாயமானதா என்ற விவாதம் இன்றும் தொடர்கிறது. எனினும் விதி நடைமுறையில் இருக்கும்வரை அதனைச் சரியாக விளங்கிக்கொள்வது மாணவரின் கடமையாகும்.

2. உங்கள் விலாசத்தின் படிகள்

"நீ எங்கே வசிக்கிறாய்?" என்று கேட்டால் நாம் ஊரின் பெயரைச் சொல்வோம். ஆனால் நிருவாகத்தில் ஒரு வீட்டுக்குப் பல எல்லைகள் உண்டு. ஒவ்வொரு திட்டமும் ஒவ்வோர் எல்லையைப் பார்க்கிறது.

(அ) கிராம உத்தியோகத்தர் பிரிவு: மிகச் சிறிய நிருவாக அலகு. இதன் அலுவலரைக் கிராம அலுவலர், கிராம சேவகர் என்றும் அழைப்பர். வதிவிடச் சான்று இங்கிருந்தே தொடங்குகிறது.

(ஆ) பிரதேச செயலாளர் பிரிவு: பல கிராம உத்தியோகத்தர் பிரிவுகளைக் கொண்டது. வதிவிட, வருமானச் சான்றுகள் இங்கு மேலொப்பமிடப்படும். கல்வியியற் கல்லூரி அனுமதியில் இப்பிரிவு முக்கியமானது.

(இ) கல்வி வலயம்: பாடசாலைகளை நிருவகிக்கும் எல்லை. வலயக் கல்விப் பணிப்பாளர் இதற்குப் பொறுப்பானவர். பிரதேச செயலாளர் பிரிவின் எல்லையும் கல்வி வலயத்தின் எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

(ஈ) நிருவாக மாவட்டம்: இலங்கையில் 25 மாவட்டங்கள் உள்ளன. பல்கலைக்கழக அனுமதியில் இதுவே அடிப்படையாகும்.

(உ) மாகாணம்: மொத்தம் 9. மாகாணக் கல்வித் திணைக்களங்களின் அறிவித்தல்கள் இந்த எல்லையை ஒட்டியே வரும்.

மலையக மாணவர் இவற்றுடன் தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சில உதவிகள் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை.

செயற்பாடு: மேலே கூறிய ஒவ்வொன்றுக்கும் உங்கள் விபரத்தை ஒரு தாளில் எழுதுங்கள். கிராம உத்தியோகத்தர் பிரிவின் இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நிரப்ப முடியாத இடத்தைப் பெற்றோரிடம் அல்லது வகுப்பாசிரியரிடம் கேட்டு நிரப்புங்கள்.

3. மாவட்டம்: பல்கலைக்கழக அனுமதி

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் முதலாவது பட்டப்படிப்பிற்கு உள்நாட்டு மாணவரிடம் கற்பித்தற் கட்டணம் அறவிடப்படுவதில்லை. ஆகவே அங்கு கிடைக்கும் ஓர் இடமே ஒரு மாணவர் பெறக்கூடிய மிகப் பெரிய புலமைப்பரிசில் எனலாம். இவ்வனுமதியை 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நடத்துகிறது.

முதலில் இசட் புள்ளியை விளங்கிக்கொள்வோம். ஒரு பாடத்தில் நீங்கள் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து, வரும் விடையை நியம விலகலால் வகுத்தால் இசட் புள்ளி கிடைக்கும். உதாரணமாக, இடை 50, நியம விலகல் 10, உங்கள் புள்ளி 65 எனின், இசட் புள்ளி 1.5 ஆகும். மூன்று பாடங்களினதும் இசட் புள்ளிகளின் சராசரியே இறுதிக் கணிப்பிற்கு எடுக்கப்படும். கடினமான பாடத்தையும் இலகுவான பாடத்தையும் ஒப்பிடுவதற்காக 2001 ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சையிலிருந்து இம்முறை பயன்படுகிறது. இசட் புள்ளியைக் கணிக்கும்போது உங்கள் மாவட்டம் பார்க்கப்படுவதில்லை. இடங்களைப் பங்கிடும்போதே மாவட்டம் கணக்கிற்கு வருகிறது.

பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு இடங்கள் பின்வருமாறு பங்கிடப்படுகின்றன.

• 40 சதவீதம் வரை: அகில இலங்கைத் திறமை அடிப்படை
• 55 சதவீதம் வரை: 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி
• 5 சதவீதம் வரை: கல்வியிற் பின்தங்கியவை எனக் குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு மேலதிகமாக

அந்த 16 மாவட்டங்களாவன: யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை, நுவரெலியா, பதுளை, மொனராகலை, இரத்தினபுரி, அம்பாந்தோட்டை, புத்தளம், அநுராதபுரம், பொலன்னறுவை. வடக்கு, கிழக்கு மாகாணங்களின் எட்டு மாவட்டங்களும் இதில் அடங்குவதைக் கவனிக்க.

உதாரணக் கணக்கு

ஒரு கற்கைநெறிக்கு 1,000 இடங்கள் உள்ளன எனக் கொள்வோம். திறமை அடிப்படையில் 400, மாவட்ட ஒதுக்கீட்டில் 550, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 50 எனப் பிரியும். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையின் சனத்தொகை 20,359,439 ஆகும். அதனை வைத்து 550 இடங்களைப் பங்கிட்டால் அண்ணளவாகக் கிடைப்பவை:

கொழும்பு (சனத்தொகை 2,324,349): 63 இடங்கள்
நுவரெலியா (711,644): 19 இடங்கள்
யாழ்ப்பாணம் (583,882): 16 இடங்கள்
மட்டக்களப்பு (526,567): 14 இடங்கள்
முல்லைத்தீவு (92,238): 2 இடங்கள்

இது முறையை விளக்குவதற்கான கணக்கு மட்டுமே. உண்மையான இடங்களின் எண்ணிக்கை கற்கைநெறிக்கும் ஆண்டிற்கும் ஏற்ப மாறும்.

இக்கணக்கிலிருந்து மூன்று விடயங்களை அறியலாம். முதலாவது, இடங்கள் பரீட்சை எழுதியவர் தொகைக்கு ஏற்பப் பங்கிடப்படுவதில்லை. மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகைக்கு ஏற்பவே பங்கிடப்படுகின்றன. ஆகவே ஒரு மாவட்டத்தில் அப்பாடத்துறையில் உயர்ந்த இசட் புள்ளி பெறுவோர் தொகை கூடினால் வெட்டுப்புள்ளியும் உயரும். இரண்டாவது, அகில இலங்கைத் திறமைப் பட்டியலில் இடம்பெறும் மாணவர் தமது மாவட்டத்தின் பங்கிலிருந்து ஓர் இடத்தை எடுப்பதில்லை. மூன்றாவது, சிறிய மாவட்டத்துக்குரிய இடங்கள் மிகச் சில. "எங்கள் மாவட்டத்திற்கு வெட்டுப்புள்ளி குறைவு" என்ற எண்ணத்தில் முயற்சியைக் குறைப்பவர் அந்தச் சில இடங்களையும் தவறவிடுவார்.

கலைத்துறையின் பெரும்பாலான அனுமதிகள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலேயே நடைபெறுகின்றன. எனவே உயர்தரத்தில் எந்தப் பிரிவைத் தெரிவது என்று முடிவு செய்யும்போது, அப்பிரிவிற்கு மாவட்ட ஒதுக்கீடு உண்டா என்பதையும் கேட்டறிக.

கவனிக்க: அனுமதிக்குரிய மாவட்டம் எது என்பதை மாணவர் தாமாகத் தெரிவு செய்ய முடியாது. பரீட்சைக்கு முற்பட்ட ஆண்டுகளில் எங்கு கற்றீர்கள், குடும்பத்தின் நிரந்தர வதிவிடம் எது என்பன பரிசீலிக்கப்படும். இதற்கான விதி ஆணைக்குழு ஒவ்வோர் ஆண்டும் வெளியிடும் அனுமதிக் கைநூலில் உள்ளது. கைநூல் தமிழிலும் கிடைக்கிறது. உயர்தரத்திற்காக வேறு மாவட்டப் பாடசாலைக்கு மாற எண்ணுபவர், மாறுவதற்கு முன்னரே அவ்விதியை வாசிக்க வேண்டும். மாறிய பின்னர் வாசிப்பதாற் பயனில்லை.

4. பல்கலைக்கழக மாணவருக்கான நிதியுதவி: மஹாபொல, பர்சரி

கட்டணம் இல்லாவிட்டாலும் விடுதி, உணவு, போக்குவரத்து, நூல்கள் ஆகியவற்றிற்குப் பணம் தேவை. வீட்டிலிருந்து தொலைவிற் கற்பவருக்குச் செலவு மேலும் அதிகம். இதற்காகவே அன்றைய வர்த்தக, கப்பற்றுறை அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் மஹாபொல தொடங்கப்பட்டது. 1981 ஆம் ஆண்டின் 66 ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் மஹாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் நிறுவப்பட்டது.

மஹாபொல இரு வகைப்படும். திறமைப் புலமைப்பரிசில் உயர்ந்த பெறுபேற்றிற்காக வழங்கப்படுகிறது. சாதாரண புலமைப்பரிசில் வழங்கப்படும்போது குடும்பத்தின் பொருளாதார நிலையும் பார்க்கப்படுகிறது. மஹாபொல கிடைக்காத, வருமானம் குறைந்த மாணவருக்குப் பல்கலைக்கழகத்தின் ஊடாகப் பர்சரி எனப்படும் உதவுதொகை உண்டு. 2025 ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மாதாந்த மஹாபொல 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பர்சரி 4,000 ரூபாவிலிருந்து 6,500 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டன. இத்தொகைகள் மாறக்கூடியவை. விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையையும் வருமான எல்லையையும் அவ்வாண்டின் அறிவித்தலில் பார்க்க.

இங்கு முக்கியமானது வருமானச் சான்றாகும். தந்தை கடற்றொழில், கமம், கூலித்தொழில் போன்றவற்றில் ஈடுபடுபவராயின் சம்பளப் பட்டியல் இருக்காது. அந்நிலையிற் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்தி, பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட சான்றே ஆதாரமாகும். வருமானத்தைக் கூட்டியோ குறைத்தோ எழுதுதல் கூடாது. பொய்யான தகவல் கண்டுபிடிக்கப்பட்டால் கிடைத்த உதவியும் இரத்தாகும்.

5. கல்வி வலயம்: உயர்தரம் கற்பவருக்கான உதவி

சாதாரண தர மாணவராகிய உங்களுக்கு மிக அண்மையில் உள்ள வாய்ப்பு இதுவாகும். 2021 ஆம் ஆண்டுக்கான க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதத்தில் நடைபெற்றது. அதில் முதற்றடவையிலேயே உயர்தரத்திற்குத் தகுதி பெற்ற, குறைந்த வருமானமுடைய குடும்பங்களின் மாணவருக்கு ஜனாதிபதி நிதியம் ஒரு புலமைப்பரிசில் திட்டத்தை நடத்தியது. ஒரு கல்வி வலயத்திற்கு 30 பேர் என்ற கணக்கில் தெரிவு நடைபெற்றது. தெரிவானோருக்கு மாதம் 5,000 ரூபா வீதம் 24 மாதங்களுக்கு வழங்கப்பட்டது.

இத்திட்டத்தின் அமைப்பைக் கவனியுங்கள். கொழும்பு வலயமாயினும் தீவகம் வலயமாயினும் எண்ணிக்கை ஒன்றே. எனவே போட்டி நாடு முழுவதிலும் உள்ள மாணவருடன் அன்று. உங்கள் வலயத்து மாணவருடன் மட்டுமே. இவ்வாறான திட்டம் அறிவிக்கப்படும்போது விண்ணப்பப் படிவம் பாடசாலை அதிபருக்கும் வலயக் கல்விப் பணிமனைக்கும் வரும். பெறுபேறு வெளியான பின் வீட்டிலிருந்துவிடாது, பாடசாலைக்குச் சென்று அறிவித்தற் பலகையைப் பார்ப்பது அவசியம்.

சமுர்த்தி பெறும் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு உயர்தரம் கற்பதற்கென "சிப்தொர" என்ற புலமைப்பரிசிலும் வழங்கப்பட்டு வந்துள்ளது. உங்கள் ஆண்டிற்குரிய நிலையைப் பிரதேச செயலகத்தின் சமுர்த்திப் பிரிவிற் கேட்டறிக.

6. பிரதேச செயலாளர் பிரிவு: தேசிய கல்வியியற் கல்லூரிகள்

பல்கலைக்கழகத்திற்கு அனுமதி கிடைக்காதவருக்கு எல்லாக் கதவுகளும் மூடிவிடுவதில்லை. கோப்பாயிலுள்ள யாழ்ப்பாணம் தேசிய கல்வியியற் கல்லூரி, வவுனியா, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனைக் கல்லூரிகள், பத்தனை ஸ்ரீபாத கல்லூரி ஆகியவை தமிழ்மொழி மூல ஆசிரியரைப் பயிற்றுவிக்கின்றன. பயிற்சி மூன்று ஆண்டுகள். அதில் இறுதி ஆண்டு பாடசாலையில் கட்டுறுபயிற்சியாகும். பயிற்சிக் காலத்தில் விடுதி வசதியும் மாதாந்தக் கொடுப்பனவும் கிடைக்கும்.

கடந்த ஆண்டுகளில் வெளியான அறிவித்தல்களில், பிரதேச செயலாளர் பிரிவுகளில் நிலவும் ஆசிரியர் வெற்றிடங்களும் விண்ணப்பதாரியின் நிரந்தர வதிவிடமும் தெரிவின் அடிப்படையாகக் கொள்ளப்பட்டுள்ளன. ஆகவே ஒரே இசட் புள்ளி பெற்ற இருவருள், தமது பிரிவில் அப்பாடத்திற்கு வெற்றிடம் உள்ளவருக்கே வாய்ப்பு அதிகம். கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் போன்ற பாடங்களுக்கு உங்கள் பிரதேசத்தில் ஆசிரியர் பற்றாக்குறை உண்டா என்பதை இப்போதே அவதானியுங்கள். இவ்வறிவித்தல் அரசாங்க வர்த்தமானியில் வெளிவரும். வாராந்த வர்த்தமானி வெள்ளிக்கிழமைகளில் தமிழிலும் வெளியாகிறது.

7. தோட்டமும் ஊரும்

தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு, 1940களில் அமைக்கப்பட்ட இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம் உயர்தரத்திற்கும் பல்கலைக்கழகக் கல்விக்கும் உதவுகிறது. இது இந்தியத் தூதரகத்துடன் தொடர்புடையது. விபரங்களைக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர்ஸ்தானிகராலயத்திற் பெறலாம். பெற்றோர் தோட்டத்தில் வேலை செய்வதை உறுதிப்படுத்தத் தோட்ட நிருவாகத்தின் கடிதம் பயன்படும்.

இவை தவிர, பத்திரிகைகளிற் பெரிதாக வெளிவராத உதவிகளும் உண்டு. பாடசாலைப் பழைய மாணவர் சங்கங்கள், கோயில் தர்மகர்த்தா சபைகள், பள்ளிவாசல் நிருவாகங்கள், தேவாலயப் பங்குகள், கூட்டுறவுச் சங்கங்கள், சனசமூக நிலையங்கள், வெளிநாடுகளில் வாழும் ஊரவர் அமைத்த சங்கங்கள் ஆகியன தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவுவதுண்டு. இவற்றிற்குப் பொதுவான பட்டியல் எதுவும் இல்லை. அதிபர், சனசமூக நிலையச் செயலாளர், ஊரிலிருந்து ஏற்கெனவே பல்கலைக்கழகம் சென்ற அண்ணன், அக்கா ஆகியோரைக் கேட்பதே சிறந்த வழி. "உங்களுக்கு யார் உதவினார்கள்? எப்போது விண்ணப்பித்தீர்கள்?" என்ற இரு கேள்விகள் போதுமானவை. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

8. முன்கூட்டியே ஆயத்தம் செய்ய வேண்டிய ஆவணங்கள்

1. பிறப்புச் சான்றிதழ்: பெயர், திகதி ஆகியன பாடசாலைப் பதிவுடன் பொருந்துகின்றனவா எனப் பார்க்க.
2. தேசிய அடையாள அட்டை: பாடசாலை மூலம் விண்ணப்பிக்கும்போது விலாசத்தைச் சரியாகக் கொடுக்க.
3. பெற்றோரின் தேருநர் இடாப்புப் பிரதிகள்: நிரந்தர வதிவிடத்திற்கு வலுவான ஆதாரம். ஒவ்வோர் ஆண்டும் இடாப்பு மீளாய்வு செய்யப்படும்போது பெற்றோரின் பெயர் பதியப்படுவதை உறுதி செய்க.
4. கிராம உத்தியோகத்தரின் வதிவிட, நற்சான்றுப் பத்திரம்: குறித்த காலத்திற்கே செல்லுபடியாகும். எனவே தேவை ஏற்படும்போது புதிதாகப் பெறுக.
5. வருமானச் சான்று.
6. கற்ற எல்லாப் பாடசாலைகளினதும் விடுகைப் பத்திரங்கள்: எந்த மாவட்டத்தில் எவ்வளவு காலம் கற்றீர்கள் என்பதைக் காட்டுவது இதுவே.
7. சாதாரண தரப் பெறுபேற்றுச் சான்றிதழ்.

ஒவ்வொன்றிலும் மூன்று நிழற்படப் பிரதிகள் எடுத்து ஒரு கோவையில் வைத்திருங்கள். மூலப்பிரதியை எவரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

9. சிறப்பான நிலைமைகள்

உதாரணம் 1: மாணவி "அ" முல்லைத்தீவு மாவட்டத்தைச் சேர்ந்தவர். குடும்பம் இடம்பெயர்ந்து சில ஆண்டுகள் வவுனியாவில் வாழ்ந்து, பின் ஊர் திரும்பியது. அவரது அடையாள அட்டையில் ஒரு விலாசமும், பெற்றோரின் தேருநர் இடாப்பில் இன்னொரு விலாசமும் உள்ளன. அவர் உயர்தரப் பெறுபேறு வரும்வரை காத்திராது, சாதாரண தரம் முடிந்தவுடனேயே கிராம அலுவலரைச் சந்தித்துப் பதிவுகளை ஒழுங்குபடுத்த வேண்டும்.

உதாரணம் 2: மாணவன் "ஆ" நுவரெலியா மாவட்டத்தில் ஒரு தோட்டத்து லயத்தில் வசிக்கிறார். வீட்டிற்குத் தனி இலக்கம் இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயம் வழியாக வருகின்றன. நேர்முகப் பரீட்சைக் கடிதம் பிந்திக் கிடைத்தால் வாய்ப்புப் போய்விடும். அவர் தோட்டம், பிரிவு, லய இலக்கம், தபாலகம் ஆகியவற்றை முழுமையாக எழுதுவதுடன், தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தல் வேண்டும். விண்ணப்பித்த பின் காரியாலயத்தில் வாரம் ஒருமுறை விசாரிப்பதும் நன்று.

உதாரணம் 3: மாணவி "இ" வாடகை வீட்டில் வசிக்கிறார். வீட்டு உரிமையாளரின் இணக்கம் இல்லாமையால் பெற்றோரின் பெயர் அவ்விலாசத்தில் தேருநர் இடாப்பில் பதியப்படவில்லை. பெற்றோர் கிராம உத்தியோகத்தரிடம் விடயத்தை விளக்கி, பதிவு செய்யும் வழியைக் கேட்க வேண்டும். பெயர் எங்கும் பதியப்படாதிருப்பது பிள்ளையின் கல்விக்கும் பாதிப்பாக அமையலாம்.

தமிழ் இலங்கையின் அரச கரும மொழிகளுள் ஒன்றாகும். அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் மொழியுரிமைகளைக் கூறுகிறது. படிவம் விளங்காவிடின் தமிழிற் படிவம் தருமாறு பணிவாகக் கேட்கலாம். விளங்காத படிவத்திற் கையொப்பமிட வேண்டாம்.

10. தவறான எண்ணங்கள்

"நல்ல பெறுபேறு எடுத்தால் உதவி தானாக வரும்." பிழை. பெரும்பாலானவற்றிற்கு விண்ணப்பிக்க வேண்டும்.

"வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்தின் விலாசத்தைக் கொடுத்தால் இலாபம்." பிழை. அது மோசடி. அனுமதி இரத்தாவதுடன், உண்மையிலேயே அங்கு வாழும் ஒரு மாணவரின் இடமும் பறிபோகும்.

"பணம் கட்டினால் புலமைப்பரிசில் எடுத்துத் தருவார்கள்." பிழை. புலமைப்பரிசிலை வாங்கித் தருவதாகக் கூறி முற்பணம் கேட்பவரை நம்ப வேண்டாம். அதிபரிடம் அல்லது பிரதேச செயலகத்தில் விசாரித்து உறுதி செய்க.

"ஒன்று கிடைக்கவில்லை, இனி முயன்று பயனில்லை." பிழை. மாவட்ட அடிப்படையில் வாய்ப்பை இழந்தவர் பிரதேச செயலாளர் பிரிவு அடிப்படையில் தெரிவாகலாம்.

தொகுப்பு

வதிவிடம் என்பது ஒன்றன்று. கிராம உத்தியோகத்தர் பிரிவு, பிரதேச செயலாளர் பிரிவு, கல்வி வலயம், மாவட்டம், தோட்டம் என ஒவ்வோர் எல்லையும் ஒவ்வொரு வாய்ப்பைத் திறக்கிறது. எந்த எல்லைக்குள் யாருடன் போட்டியிடுகிறீர்கள் என்பதை முன்னரே அறிந்து, அதனை நிரூபிக்கும் ஆவணங்களை ஆயத்தமாக வைத்திருத்தல் வேண்டும். பெறுபேற்றை உங்கள் உழைப்புத் தரும். அதன் பயன் வீணாகாமற் காப்பது இந்த ஆயத்தமே.

பயிற்சி வினாக்கள்

1. ஒரு கற்கைநெறிக்கு 200 இடங்கள் உள்ளன. 40 : 55 : 5 என்ற விகிதப்படி ஒவ்வொரு பிரிவிற்கும் எத்தனை இடங்கள்?
2. ஒரு மாவட்டத்தின் சனத்தொகை நாட்டின் சனத்தொகையில் 3 சதவீதம் எனின், மேலே கூறிய கற்கைநெறியில் மாவட்ட ஒதுக்கீட்டின் கீழ் அண்ணளவாக எத்தனை இடங்கள் கிடைக்கும்?
3. பாடமொன்றின் இடை 48, நியம விலகல் 12. ஒரு மாணவரின் புள்ளி 66. இசட் புள்ளி யாது?
4. நிரந்தர வதிவிடத்தை உறுதிப்படுத்த உதவும் மூன்று ஆவணங்களைக் குறிப்பிடுக.
5. "மாவட்ட ஒதுக்கீடு சமவாய்ப்பை வளர்க்கிறது." இக்கூற்றிற்குச் சார்பாக இரண்டும் எதிராக இரண்டும் காரணங்கள் தருக.

விடைகள்: (1) 80, 110, 10. (2) 110 இல் 3 சதவீதம் 3.3, அண்ணளவாக 3 இடங்கள். (3) 1.5. (4) தேருநர் இடாப்புப் பிரதி, கிராம உத்தியோகத்தர் சான்று, தேசிய அடையாள அட்டை. (5) முதலாம், மூன்றாம் பகுதிகளை மீண்டும் வாசித்து, உங்கள் வகுப்பிற் கலந்துரையாடி எழுதுக.